முயலுக்குப் பல் நீண்டுவிட்டால்: வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யவே கூடாததும்

எங்கள் முயல் பஞ்சுவின் தாடை ஈரமாக இருப்பதை முதலில் கவனித்தவர் என் மாமியார். "ஏம்மா, இது தண்ணி குடிச்ச ஈரமா, இல்ல எச்சில் ஒழுகுதா? தொட்டா வழவழன்னு இருக்கே" என்றார். இரவு வேலை முடிந்து சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் வீட்டுக்கு வந்து, வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். 18 வருடமாக வார்டில் தாதியாக இருக்கிறேன். ஒரு நோயாளி இரண்டு வேளை தட்டைத் தள்ளி வைத்தால் எனக்கு உடனே உறைக்கும். வீட்டு முயல் ஒரு வாரமாகப் புல்லைத் தொடாமல் பெல்லட்டை, அதாவது அழுத்திச் செய்த தீவன உருண்டையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது.

உதட்டை விலக்கிப் பார்த்தேன். கீழ்ப்பற்கள் இரண்டும் மேல்பற்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேல்பற்கள் உள்பக்கமாக ஆட்டுக்கொம்பு மாதிரி வளையத் தொடங்கியிருந்தன. அன்று மாலையே மகள் அதை ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்தவர் நகவெட்டியால் டக்கென்று வெட்டி, "சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் பார்த்தால் கீழ்ப்பல் ஒன்று நீளவாக்கில் பிளந்து, கீறல் ஈறு வரை ஓடியிருந்தது. பஞ்சு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நகவெட்டி, கம்பி வெட்டும் குறடு, கத்தரி எதுவும் முயலின் பல்லுக்கு வேண்டாம். கடைக்காரர் செய்கிறேன் என்றாலும் வேண்டாம், காணொளியில் யாரோ செய்கிறார்கள் என்றாலும் வேண்டாம். இந்தப் பல் நம் நகம் மாதிரி வளைந்து வெட்டுப்படுவதில்லை. அழுத்தம் பட்டதும் கண்ணாடிபோலப் பிளக்கும். பிளவு வழியே உள்ளே இருக்கும் நரம்பும் ரத்தமும் உள்ள கூழ்ப்பகுதி திறந்துகொள்ளும். அந்த வழியாகக் கிருமி போய் வேரில் சீழ் கட்டும். முயலின் சீழ் நம்முடையது போல் நீர்த்து வடியாது, கெட்டித் தயிர் மாதிரி திரண்டு நிற்கும். சுத்தம் செய்வது பெரும்பாடு. விலங்கு மருத்துவர்கள் சுழலும் சிறிய அரைக்கருவியால் பல்லைத் தேய்த்துத்தான் உயரத்தைக் குறைப்பார்கள். அதில் பிளவு வருவதில்லை.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்னால் தெரிவது மேலே 2, கீழே 2. மேல்பற்களுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் குச்சி மாதிரி இன்னும் 2 சின்னப் பற்கள் ஒளிந்திருக்கும். மீதி 22 கடைவாய்ப்பற்கள் உள்ளே இருப்பதால் நம் கண்ணுக்குப் படாது. இந்த 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். மேலும் கீழும் சரியாகப் பொருந்தி உரசினால் வளர்ந்த அளவு தேய்ந்துவிடும். பொருந்தாவிட்டால் தேய வழியில்லை. ஒரே மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும்.

இங்கே அணிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விழுந்த அணில் குட்டியை எடுத்து வளர்க்கலாமா, அதற்கும் பல் நீளுமா என்று என் மகளின் தோழிகள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நீளும். ஆனால் அணிலுக்கு முன்பற்கள் 4 மட்டும்தான் நிற்காமல் வளரும், கடைவாய்ப்பற்கள் வளராது. முன்பல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். எனாமலில் இரும்புச்சத்து இருப்பதால் வரும் நிறம் அது. முயலின் பல் வெள்ளைதான். ஆனால் சிங்கப்பூரில் அணிலை வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. முயல், வெள்ளெலி, கினிப்பன்றி, ஜெர்பில், சுண்டெலி, சின்சில்லா ஆகிய சிறு பிராணிகளுக்குத்தான் அனுமதி. குட்டி கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்துவிட்டு, ஏக்கர்ஸ் என்ற விலங்கு மீட்பு அமைப்பையோ தேசியப் பூங்காக் கழகத்தையோ அழையுங்கள். பால் புகட்ட வேண்டாம்.

சரி, முயலுக்கு வருகிறேன்.

பல் பிரச்சினை சத்தமில்லாமல் வரும். முயல் வலியை வெளியே காட்டாது, பிறர்க்கு இரையாகும் பிராணி அப்படித்தான் பழகியிருக்கிறது. அதனால் வார்டில் செய்வதை நான் வீட்டிலும் செய்யத் தொடங்கினேன்: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, எடை எவ்வளவு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சுவை ஒரு பிளாஸ்டிக் கூடையில் உட்காரவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, கூடையின் எடையைக் கழித்து எழுதுவேன். அவள் நெதர்லாந்து டுவார்ஃப் என்ற குட்டை முயல் வகை, உடம்பே 1,200 கிராம்தான். 50 கிராம் குறைந்தால் அந்த வாரம் முழுவதும் கண்காணிப்பேன். 100 கிராம் குறைந்தால் அன்றே மருத்துவருக்கு அழைப்பு. பெரிய முயல் வைத்திருப்பவர்கள் உடல் எடைக்கு ஏற்ப இதைக் கூட்டிக்கொள்ளலாம்.

எடையோடு புழுக்கையையும் பாருங்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், உடைத்தால் மரத்தூள் மாதிரி உதிரும். புல் தின்பது குறைந்தால் அது சிறுத்து, கறுத்து, மிளகு அளவுக்கு வந்துவிடும். முயல் இன்னொரு வகைப் புழுக்கையும் போடும். திராட்சைக்கொத்து மாதிரி மினுமினுப்பாக, மெத்தென்று இருக்கும். அதைத் தன் வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும், அதற்குத் தேவையான சத்து அதில் உண்டு. வாய் வலித்தால் அதை எடுக்க முடியாமல் பின்பக்க முடியில் அப்பிக் கிடக்கும். பின்புறம் அழுக்காக இருக்கிறதே என்று குளிப்பாட்டத் துடிக்கிறவர்கள் முதலில் வாயைச் சந்தேகப்படுங்கள்.

வேறு அறிகுறிகள்: ஈரத் தாடை, முன்கால்களின் உள்பக்க முடி எச்சிலில் சிக்குப்பிடித்திருப்பது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது. மேல்பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை ஒட்டிப் போகிறது, வேர் நீண்டால் குழாயை அழுத்தும். அதனால் கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் தீராது. புல்லை ஆசையாக வாயில் எடுத்து, இரண்டு மெல்லு மெல்லி, கீழே போட்டுவிட்டுப் போவதும் முக்கியமான அடையாளம். "பசி இருக்கு, தின்ன முடியல" என்று அது சொல்கிறது.

முன்பல்லைப் பார்க்கும் விதத்தை எழுத்தில் சொல்வது கொஞ்சம் கடினம், முயற்சி செய்கிறேன். தரையில் உட்காருங்கள். நாற்காலியில் வேண்டாம், துள்ளி விழுந்தால் முதுகெலும்பு முறியும். மடியில் துண்டு விரித்து, கைக்குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி கால்கள் நான்கும் உள்ளே அடங்கும்படி சுற்றுங்கள். தலை மட்டும் வெளியே, உடம்பு உங்கள் வயிற்றோடு அணைந்து இருக்கட்டும். மல்லாக்கப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் முயல் அசையாமல் கிடக்கும், அமைதியாகிவிட்டது என்று தோன்றும், உண்மையில் அது பயத்தில் உறைந்துபோன நிலை. இடது கை தலையின் பின்னால். வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மேலுதட்டை இரண்டு பக்கமும் மெல்ல ஒதுக்குங்கள். 5 விநாடி போதும். மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னால், உளி முனை மாதிரி நேராக இருக்க வேண்டும். முனைக்கு முனை முட்டிக்கொண்டு நின்றாலோ, கீழ்ப்பல் முன்னால் வந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ படம் எடுத்து மருத்துவருக்குக் காட்டுங்கள். பிறகு தாடையின் கீழ் ஓரத்தை இரண்டு பக்கமும் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்க வேண்டிய எலும்பில் மேடு பள்ளம் தட்டுப்பட்டால் கடைவாய்ப்பல் வேர் கீழ்நோக்கி இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். கடைவாய்ப்பல்லை நாம் பார்க்க முடியாது, வாய்க்குள் விரல் விடாதீர்கள்.

முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசரம். குடல் அசைவு நின்றுபோகும், வாயு கட்டும், ஒரே நாளில் உயிரும் போகலாம். காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் போவதைப் பற்றிச் சில விஷயங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லா மருந்தகங்களும் முயல் பார்ப்பதில்லை. தொலைபேசியிலேயே "முயலுக்குக் கடைவாய்ப்பல் வரை பார்ப்பீர்களா, எக்ஸ்ரே எடுப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள். முயல் நன்றாக இருக்கும்போதே அப்படி ஓர் இடத்தைத் தேடி எண்ணைக் குறித்து வையுங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறையில் தேடி அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரவு நேர அவசரச் சிகிச்சை தரும் இடம் ஒன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணியை ஏற்ற மாட்டார்கள். நான் செல்லப்பிராணியை ஏற்றும் கிராப்பெட் வாடகை வண்டி எடுப்பேன். நண்பகல் வெயிலை முயல் தாங்காது, கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் துணியில் சுற்றிய ஐஸ் பொட்டலம் வைத்தால் தேவைப்பட்டால் ஒட்டிக்கொள்ளும், வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ளும்.

முன்பல்லை மட்டும் தேய்ப்பதற்கு அடங்கி இருக்கும் முயலுக்கு மயக்கமருந்து இல்லாமலும் செய்வார்கள். கடைவாய்ப்பல்லில் கூர்முனை முளைத்து நாக்கையோ கன்னத்தையோ குத்தினால் முழு மயக்கம் கொடுத்துத்தான் தேய்க்க முடியும். செலவு நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கத்துக்கு முன் பட்டினி போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வார்டில் நள்ளிரவுக்குப் பிறகு வாய்வழி ஒன்றும் கூடாது என்று கட்டிலில் பலகை மாட்டுகிறவள் நான், எனக்கே இது பழக கொஞ்ச நேரம் ஆனது: முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நம்மைப்போல் இரவெல்லாம் பட்டினி போடத் தேவையில்லை. வயிறு காலியானால்தான் அதற்கு ஆபத்து. அதற்குப் பழக்கமான புல்லையும் கீரையையும் ஒரு பையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கண் விழித்ததும் முன்னால் வைப்பார்கள்.

வீட்டில் இருக்கும் மனித மருந்து எதையும் கொடுக்காதீர்கள். முக்கியமாக, நமக்குச் சாதாரணமாகத் தரும் அமோக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து அதுவே சாவுக்குக் காரணமாகிவிடும். வலிக்கும் கிருமிக்கும் மருத்துவர் எடை பார்த்துத் தரும் மருந்து மட்டும்.

அந்தப் பிளந்த பல்லுக்குச் சிகிச்சை நடந்த 10 நாள் பஞ்சுவுக்கு ஊசிக்குழாயில்தான் சாப்பாடு. ஆக்ஸ்போ கிரிட்டிக்கல் கேர் என்று ஒரு தூள் வருகிறது, வெதுவெதுப்பான நீரில் இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைக்க வேண்டும். எத்தனை மில்லி, எத்தனை வேளை என்பதை மருத்துவர் சொல்வார். குழாயை நேராக வாய்க்குள் குத்தினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. பக்கவாட்டில் அந்த இடைவெளி வழியாக நுனியை விட்டு, 1 மில்லிக்கும் குறைவாகத் தள்ளி, தாடை அசைவதைப் பார்த்து, விழுங்கிய பிறகு அடுத்தது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அத்தைதான் கொடுத்தார். "கண்ணு, ஒரு வாய்டா" என்று என் மகளுக்கு ஊட்டிய அதே குரலில். அவசரப்படவே மாட்டார், 20 மில்லிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். தாடையை ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுப்போம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் நின்றால் இரண்டே நாளில் தோல் சிவந்து முடி கொட்டும். பவுடர் போடாதீர்கள், நக்கி உள்ளே போகும்.

இனி, தடுப்பது. மரக்கட்டை கடிக்கக் கொடுத்தால் பல் தேயும் என்று கடைகளில் விற்கிறார்கள். கட்டையை முன்பல்தான் கடிக்கும், கடைவாய்க்கு அதில் வேலையே இல்லை. பொருந்தாத முன்பல்லுக்கும் கட்டையால் பயனில்லை. கடைவாய்ப்பல்லைத் தேய்ப்பது புல். புல்லின் இழையில் மணல் போன்ற நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. முயல் அதைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து, மணிக்கணக்கில் மெல்லும்போது பல் சமமாகத் தேய்கிறது. பெல்லட்டை நொறுக்கி விழுங்கிவிடும், அரைக்காது. அதனால் தின்பதில் பத்துக்கு எட்டுப் பங்கு உலர்புல்லாக இருக்க வேண்டும். பெல்லட் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராம் போதும். இதுவரை கிண்ணம் நிறையக் கொடுத்தவர்கள் ஒரே நாளில் குறைக்காதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக. முறுக்கு, சப்பாத்தி ஓரம், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்த அத்தையை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் எங்கள் வீட்டில் கஷ்டமாக இருந்தது. தீபாவளி சமயத்தில் ஒரு துண்டு முறுக்கு நழுவும், பஞ்சு அதற்காகவே சமையலறை வாசலில் காத்திருப்பாள். பல் பிளந்ததைப் பார்த்த பிறகு அவரே நிறுத்திவிட்டார்.

திமோத்தி என்ற உலர்புல்லைப் பெரிய மூட்டையாக வாங்கினால் மலிவு, ஆனால் இங்கே ஈரப்பதம் அதைக் கெடுத்துவிடும். நான் சின்னப் பொட்டலமாக வாங்கி, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். நல்ல புல்லில் வெயிலில் காய்ந்த வைக்கோல் வாசம் வரும். ஈரச் சாக்கு வாசம் வந்தாலோ, கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ, உதறினால் தூள் பறந்தாலோ கொட்டிவிடுங்கள். பூசணம் பிடித்ததை வெயிலில் காயவைத்துக் கொடுப்பது வேண்டாம். புல்லை மலத்தட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், முயல் கழித்துக்கொண்டே மெல்லும் பழக்கம் உடையது. புல்லை வெறுக்கும் முயலுக்கு நடுவே புதினா இலை இரண்டைச் செருகிவைத்தால் தேடித் தேடிக் கடைசியில் புல்லையும் தின்னும்.

பச்சைப்புல்லும் நல்லது, ஆனால் புளோக்கின் கீழே வளரும் புல்லைப் பறிக்காதீர்கள். கொசுப்புகை அடிக்கிறார்கள், பூச்சிமருந்து தெளித்திருக்கலாம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பூக்கடைகளில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல் முயலுக்கு ஏற்ற புல்தான். நான் வாரம் ஒரு கட்டு வாங்கி, மூன்று தண்ணீரில் அலசி, உதறிக் காயவைத்துக் கொடுக்கிறேன். சாமி அறைக்கு ஒரு பங்கு, பஞ்சுவுக்கு ஒரு பங்கு. வீட்டிலேயே முளைப்பாரி போடுவது மாதிரி ஒரு தட்டில் முழுக் கோதுமையை ஊறவைத்துப் பரப்பினாலும் ஒரு வாரத்தில் விரல் நீளப் புல் கிடைக்கும். காரட்டில் இனிப்பு அதிகம், எப்போதாவது ஒரு வில்லை. கொத்தமல்லித்தழை, முள்ளங்கி இலை தினமும் கொஞ்சம் கொடுக்கலாம்.

கூண்டுக் கம்பியைக் கடித்து இழுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும், இழுக்கும் அழுத்தத்தில் முன்பல் கோணலாகும். பெரும்பாலும் சலிப்பால் செய்வதுதான். கூண்டைவிட்டு வெளியே ஓடவிட்டால் குறைந்துவிடும்.

பஞ்சுவுக்குக் காரணம் இது எதுவுமில்லை. குட்டை முகமுள்ள வகைகளில் தாடை பிறவியிலேயே பொருந்தாமல் வருவதுண்டு, அவளும் அப்படிப் பிறந்தவள். புல் எவ்வளவு தின்றாலும் முன்பல் உரசவே உரசாது. 4 வாரத்துக்கு ஒருமுறை தேய்க்கக் கொண்டுபோனோம். ஒவ்வொரு முறையும் வண்டி, நடுக்கம், இரண்டு நாள் சரியாகத் தின்னாமல் முகம் வாடிக் கிடப்பது. ஒரு வருடம் கழித்து மருத்துவர் முன்பற்கள் 6-ஐயும் எடுத்துவிடலாம் என்றார். எனக்கு மனமே வரவில்லை. பல்லில்லாத முயல் எப்படித் தின்னும் என்று பலமுறை கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னது: முன்பல் வெட்டத்தான், மெல்லுவது கடைவாய். வெட்டுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும்.

அப்படித்தான் ஆனது. இரண்டு வாரத்தில் உதட்டாலேயே புல்லை இழுத்து உள்ளே தள்ளக் கற்றுக்கொண்டாள். கீரையை நான் பீன்ஸ் பொரியலுக்கு நறுக்குவது மாதிரி மெல்லிசாக நறுக்கி வைக்கிறேன், தண்டுகளை நீளவாக்கில் கீறி. நீண்ட உலர்புல்லைக் கத்தரியால் விரல் நீளத்துக்கு வெட்டிப் போடுகிறேன். வேரின் அடியில் வளரும் திசு கொஞ்சம் மிச்சமிருந்தால் பல் திரும்ப முளைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை ஈறைப் பார்க்கிறேன். கடைவாய்க்கு 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஞாயிறு எடை தொடர்கிறது, இந்த வாரம் தாளில் எழுதியது அத்தை: 1,260 கிராம், பக்கத்தில் "தாடை காய்ந்திருக்கு" என்று ஒரு குறிப்பு.